ஏறெடுத்துப் பாராத கண்கள்

ஆறு பேரைக் கொன்ற ஆட்டோ சங்கர் 1995இல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். சில உடல்கள் சென்னை திருவான்மியூர் வீடுகளுக்குள்ளேயே புதைந்து கிடந்தன. அவன் எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கில்தான் 1994இல் அந்தரங்க உரிமைக்கான முக்கியத் தீர்ப்பு வந்தது. அவனது விபசாரத் தொழிலில் சிக்கிய பெண்களின் கதையை அச்சேற்ற யாரும் வழக்காடவில்லை.

கொல்லாமையைத் துறவறவியலில் வைத்த வள்ளுவர், இரக்கப் பார்வையான கண்ணோட்டத்தை அரசியல் என்னும் இயலில் வைத்தார். கொலை தனியாள் பாவம். பாராமுகம் ஆள்வோர் பிழை என்றே இந்த வைப்புமுறையைக் கொள்ளலாம்.

அந்தப் பாராமுகம் கனடாவிலும் உண்டு. அங்கே தொடர் கொலைகாரன் ராபர்ட் பிக்டனின் பன்றிப் பண்ணையிலிருந்து 1997இல் ஒரு பெண் கத்திக்குத்துடன் தப்பி வந்தாள். மறு ஆண்டே வழக்கு கைவிடப்பட்டது. 2002இல்தான் அவன் சிக்கினான். மாண்டவர்களில் பலர் பூர்வகுடிப் பெண்கள். விசாரணை தோற்றதற்குக் காவல்துறையின் பாரபட்சமும் காரணம் என்றது 2012ஆம் ஆண்டு ஆணைய அறிக்கை.