மதிலுக்கு அந்தப் பக்கம்

 

குமரி மாவட்டத்திலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் சில வருடங்களுக்கு முன் ஒரு கொடியை நட்டேன். நர்சரியில் வெடேலியா என்றார்கள். அதிகம் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தரையில் பச்சைப்பாய் விரித்ததுபோல் படரும், மஞ்சள் பூ பூக்கும். வீட்டுக்கு வந்த ஒரு தாயார், "மஞ்சள் கரிசலாங்கண்ணிதானே பாஸ்டர், மருந்துச்செடியாச்சே" என்றார்கள். எனக்கு இன்னும் சந்தோஷம்! ஆனால் அது அதுவல்ல. கரிசலாங்கண்ணியின் இலை நீண்டிருக்கும். இதற்கோ மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்த செடி. உலகில் மிகுந்த கேடு செய்யும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. சத்துரு எப்போதும் மருந்தின் முகத்தோடுதான் வருகிறான், கவனியுங்கள்.

இரண்டு மழையில் துளசி போயிற்று, கீரைப்பாத்தி போயிற்று. கோபத்தில் மண்வெட்டியால் கொத்திப் போட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். அதன் கணுதோறும் வேர் விடும். ஒரு துண்டு ஈரமண்ணில் கிடந்தால் போதும், தனிச்செடியாகிவிடும். கொத்தியதையெல்லாம் வாரி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் பக்கத்து அண்ணாச்சியின் மரச்சீனி விளையெல்லாம் மஞ்சள் பூ. "இது எப்படி பாஸ்டர் இங்க வந்துச்சு?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காக்கா கொண்டு போட்டிருக்கும் அண்ணாச்சி." பிரசங்கபீடத்தில் நிற்கிற வாய்!

அந்த ஞாயிறு எபிரெயர் 12:15-ஐத் தியானித்தோம். கசப்பான வேர் ஒருவனோடு நிற்காது, அநேகரைத் தீட்டுப்படுத்தும் என்று நானே விளக்கிக்கொண்டிருந்தபோது நாவு ஒட்டிக்கொண்டது. செய்தியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜெபித்து முடித்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் அண்ணாச்சி வாசலில் போய் நின்றேன். "நான்தான் எறிஞ்சேன், பொய்யும் சொன்னேன். மன்னிச்சிருங்க."

அவர் சபைக்கு வராதவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீங்க எறிஞ்சத எங்க வீட்டுல பாத்தா பாஸ்டர். நீங்களா வருவீங்களான்னுதான் இருந்தேன்."

முதலில் அவர் விளையைத்தான் சுத்தம் செய்தேன். மழை பெய்து மண் இளகிய நாளில் கொடியின் நுனியிலிருந்து தடவிக்கொண்டே போய் ஒவ்வொரு கணுவையும் வேரோடு கிளப்ப வேண்டும். பிடுங்கியதை ஓடையிலோ எருக்குழியிலோ போடக்கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி, வாரக்கணக்கில் வெயிலில் வேகவிட்டோம். என் முற்றத்தை வெளிச்சம் புகாத தார்ப்பாயால் மாதக்கணக்கில் மூடினேன். அதோடு தீர்ந்ததா? இல்லை! ஒரே உபவாச ஜெபத்தில் எல்லாம் போச்சு என்று நினைக்கிற விசுவாசிகளே, நானும் அப்படித்தான் நினைத்தேன். வாராவாரம் குனிந்து தேட வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை மதிலோரத்தில் இரண்டு தளிர். அண்ணாச்சிதான் முதலில் கண்டார். "பாஸ்டர், இன்னும் கெடக்கு, வாங்க" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.