ரயிலில் போனால் புண்ணியம் குறையுமா?

தீர்த்த யாத்திரையின் பலன் தலத்தைத் தரிசிப்பதில் இருக்கிறதா, வழியில் படும் பாட்டில் இருக்கிறதா? நடந்தே போக வேண்டியிருந்த காலத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ரயில் வந்தபோது அந்தத் தேவை வந்தது; 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ராமேஸ்வரத்துக்கே ரயில் போகத் தொடங்கியது.

பாடுதான் பக்தனை அடையாளம் காட்டும் என்ற தரப்பை அதற்கு முன்பே, 1909-இல் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் காந்தி அழுத்தமாக முன்வைத்தார். முன்பு பெருஞ்சிரமப்பட்டுப் போக வேண்டியிருந்ததால் உண்மையான அடியார்களே புண்ணியத் தலங்களுக்குப் போனார்கள். ரயில் வந்ததும் போக்கிரிகளும் எளிதில் போய்ச் சேருகிறார்கள், தலங்களின் தூய்மை கெடுகிறது என்பது அவர் வாதம். பின்னாளில் நாடெங்கும் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தவரும் அவரே.

சைவ மரபில் இதற்கு மறுமொழி உண்டு. தள்ளாத வயதில் கயிலைக்கு நடந்த அப்பர், கால் தேய்ந்து, தவழ்ந்து, புரண்டும் போய்ச் சேரவில்லை. இறைவன் சொன்னபடி ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்கிறது பெரியபுராணம். உடல் பட்ட பாடு வீணாகவில்லை. ஆனால் தூரத்தைக் கடந்தது கால் அல்ல, அருள். அப்படியானால் வண்டியில் வருபவனுக்கு அருள் மறுக்கப்படக் காரணமில்லை. அதற்காக நடை நின்றுவிடவும் இல்லை. பழனிக்கு ரயில் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும், தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு செட்டிநாட்டிலிருந்து நடந்தே போகிறார்கள். வேறு வழியின்றி நடந்தது போய், விரும்பி நடப்பது வந்தது. விரும்பி ஏற்பதற்குத்தான் விரதம் என்று பெயர்.

யாத்ரீகன் கணக்கு இப்படி நேராகிவிடுகிறது. வழியில் இருந்த ஊர்களின் கணக்கு வேறு. தஞ்சையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. சத்திரங்களில் நடக்கும் தர்மத்தை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்தார். வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் சாமான்களும், குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம். நடந்து வந்த கூட்டத்தை நம்பித்தான் சுற்றியிருந்த கடைகளும் வண்டிக்காரர்களும் பிழைத்தார்கள். கூட்டம் ரயிலேறியபோது அன்னமிட அடுப்பு இருந்தது, உண்ண ஆள் குறைந்தது.

ஸ்டேஷன் இருந்த ஊர்களில் ஜட்கா, லாட்ஜ், காபி கிளப் என்று புதுப் பிழைப்பு வளர்ந்தது. அதிதி வாடிக்கையாளரானார். டிக்கெட் வாங்கியவர் எந்தச் சாதியானாலும் ஒரே பெட்டியில் ஏறலாம் என்பது, சாதி பார்த்து வாசலில் நிறுத்திய கோயில்கள் அன்று தராத சமத்துவம். ஆனாலும் ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது; பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகே அது ஒழிந்தது.

ஆகவே ரயில் பக்தனின் புண்ணியத்தைக் குறைக்கவில்லை. வழியோர ஊர்களுக்குப் பிழைப்போடு, முகம் தெரியாதவருக்குச் சோறிட்டுப் புண்ணியம் தேடும் வாய்ப்பையும் குறைத்தது. இழப்பு வந்தவனுக்கு அல்ல, வரவேற்றவனுக்கு.