எதிரே வருகிறவன்

கார் வாங்கியபோது, அதன் முகத்தில் தடித்த இரும்புக் குழாயால் ஆன பம்பர் கார்டு ஒன்றையும் மாட்டிக்கொண்டேன். "எதுல இடிச்சாலும் வண்டிக்கு ஒரு கீறல் விழாது சார்" என்றார் கடைக்காரர். அந்த 'எதுல' என்பதற்குள் 'யார்மேல்' என்பதும் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

பிறகுதான் இந்த விஷயத்தைப் படித்தேன். பாதசாரியைக் கார் மோதினால் முதலில் அடிபடுவது கால். உடனே உடம்பு மடங்கித் தலை பானெட்டின்மேல் வந்து விழுகிறது; உயரமான ஆளென்றால் கண்ணாடியில், குழந்தையென்றால் பானெட்டின் முன்பக்கத்தில். மேலே இருக்கும் தகடு நசுங்கிக் கொடுக்கும். அதற்கடியில் அசையாமல் கிடக்கும் எஞ்சின்தான் மண்டையை உடைப்பது. ஆகவே எஞ்சினீயர்கள் இரண்டுக்கும் நடுவே சிறிது வெற்றிடம் விடுகிறார்கள். பம்பருக்குள் நுரைப்பஞ்சு வைக்கிறார்கள். மோதியதும் பானெட் தானே சற்று எழும்பிக்கொள்ளும் கார்களும் உண்டு. 2012-ல் வால்வோ கம்பெனி, காருக்கு வெளியே கண்ணாடியோரம் விரியும் காற்றுப்பையையே வைத்தது. சோதனைச் சாலையில் பொம்மைத் தலைகளை மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் பானெட்டின்மேல் எறிந்து பார்க்கிறார்கள். பெரியவர் தலை 4.5 கிலோ; குழந்தையின் தலை 3.5 கிலோ. குழந்தையின் தலைக்கு எடை குறித்துக் கணக்கெழுதிய கை, கல்நெஞ்சுக்காரன் கை அல்ல.

இதில் ஒரு விசித்திரம். பணம் கொடுப்பவன் காருக்குள் இருக்கிறான்; பயன் அடைகிறவன் வெளியே, இன்னும் முகம் தெரியாதவனாக நடந்துகொண்டிருக்கிறான். தனக்கு எத்தனை காற்றுப்பை என்று கேட்டு வாங்குகிற நாம், "எதிரே வருகிறவன் தலைக்கு எத்தனை அங்குலம் விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டதுண்டா? நாம் கேட்காததால் சட்டம் கேட்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்கிற நன்மையும் தர்மமாகுமா என்று பண்டிதர்கள் தர்க்கம் செய்யட்டும். மண்டை தப்பியவன் அந்தச் சபைக்கு வரமாட்டான்.

நானோ, அவர்கள் மெத்தை விரித்த இடத்துக்கு முன்னால் உலக்கையை நிறுத்தியிருந்தேன். 2017 டிசம்பரில் மத்திய அரசு அந்தக் கார்டுகளைக் கழற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிற்று. அபராதம் என்று கேள்விப்பட்ட பிறகே கழற்றினேன். படித்து முடித்த அன்று அல்ல.

பழைய இரும்புக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா கெட்டியா இருக்கே சார், ஏன் கழட்டிட்டீங்க?"

"சட்டம்" என்றேன்.