பேயைக் காட்டாத கதை

பேய்க்கதை எழுத ஆசைப்படுகிறவர்களில் பலர் பேயிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். முதல் பத்தியிலேயே நடுநிசி, நாய் ஊளை, தலைவிரிகோலமாக ஒரு பெண். படிப்பவருக்குப் பயம் வருவதில்லை. அந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனால் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்.

1902-இல் வெளிவந்த ‘குரங்கின் பாதம்’ கதையை ஆங்கிலேயர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எங்கே தொடங்குகிறார் பாருங்கள். வெளியே மழை. உள்ளே கணப்பருகே அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள், அம்மா பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆட்டத்தில் தோற்ற கடுப்பை ஊர்ப் பாதையின் மேல் காட்டுகிறார் அப்பா. துறைமுகத்து மனிதர்களை வைத்து நகைச்சுவை எழுதிப் பேர் வாங்கியவர் ஜேக்கப்ஸ். அதனால் அந்த வீட்டுக் கேலியும் சிரிப்பும் அவ்வளவு இயல்பாக வந்து விழுகின்றன. நாமும் அந்தக் குடும்பத்தில் ஒருவராகிவிடுகிறோம்.

அந்த வீட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒரு குரங்கின் பாதம் வந்து சேர்கிறது; அது மூன்று வரம் தருமாம். மகனே தொகையைச் சொல்லிக் கொடுக்க, அப்பா 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான். நிர்வாகம் கொடுத்தனுப்பும் தொகை 200 பவுண்டு.

அவன் உடல் எப்படி இருந்தது? உடுப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது என்று அப்பா ஒருமுறை சொல்கிறார். அந்த ஒரு வாக்கியம் போதும். மீதியை நம் மனமே வரைந்துகொள்கிறது.

பத்து நாள் கழித்து, பெற்ற மனம் கேட்காமல், மகனைத் திருப்பித் தரும்படி இரண்டாம் வரத்தைக் கேட்க வைக்கிறாள் அம்மா. உடனே யாரும் வரவில்லை. கல்லறை இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நடந்து வர வேண்டுமே! பிறகுதான் கதவு மெல்லத் தட்டப்படுகிறது.

அம்மா கீழ்த்தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள். மேல்தாழ்ப்பாள் எட்டவில்லை; நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். மாடியில் அப்பா, மூன்றாம் வரத்தைக் கேட்டுவிட, கைகளால் தரையைத் துழாவிப் பாதத்தைத் தேடுகிறார். திறக்கத் துடிப்பவளும் பெற்றவள். தடுக்கத் தவிப்பவரும் பெற்றவர். நமக்கோ இருவரையும் பிடித்துப்போயிருக்கிறது. என்னைக் கேட்டால், கதையின் மொத்தப் பயமும் இந்த இழுபறியில்தான் இருக்கிறது.

எழுத உட்காருமுன் அந்தக் கடைசிப் பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். வெளியே நின்றதன் உருவத்தைப் பற்றி ஜேக்கப்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்பா கேட்ட மூன்றாம் வரம் இன்னதென்றும் அவர் சொல்லவில்லை.