அடங்கி நிற்றலும் அமைந்து நிற்றலும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக்குக் குதிரை விடுவோரைக் காணாதவர் நம்மில் மிகச் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டுத் தியானத்திற்காக அம்மலைக்குச் சென்றிருந்த நாம், காலைத் திருப்பலி முடிந்ததும் ஏரியைச் சுற்றி நடந்து வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தோம். அவ்வாறு நடக்கையில் ஒருநாள், நிற்க மறுத்த குதிரை ஒன்றைக் கண்டோம். புதிதாக வாங்கி வந்த பழுப்புநிறப் பெண்குதிரை அது. நடத்தினால் நடந்தது; ஓட்டினால் ஓடியது. ஆனால், பிள்ளை ஒன்றை ஏற்றுவதற்காக நிறுத்தினால் மட்டும் நிற்கவில்லை. சேணத்தில் கை பட்டவுடன் பின்புறத்தைச் சுழற்றியது. குளம்பால் தரையைப் பறித்தது. தலையை உயர்த்தி வெண்விழி தெரியப் பார்த்தது. அதை வைத்திருந்த இளைஞர் கடிவாள வாரைத் தாடையருகே இறுகப் பற்றி அதட்டினார். அவர் இறுக்க இறுக்க, அது அவரையே மையமாக வைத்துச் சுற்றியது.

அப்போது முதியவர் ஒருவர் வந்து வாரை வாங்கினார். இளைஞருக்கு அவர் தாய்மாமன் என்று பின்னர் அறிந்தோம். முதலில் அவர் செய்தது நமக்கு வியப்பளித்தது. சேணத்தை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, குதிரையின் முதுகெலும்பு நெடுக உள்ளங்கையை அழுத்தி ஓட்டிப் பார்த்தார். வயிற்றுவார் கட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். வாயைத் திறந்தும் பார்த்தார். புண்ணும் வீக்கமும் இல்லை என்று உறுதியான பின்பே பாடம் தொடங்கியது. வாரைத் தளர்த்தி, ஒரு மரத்தடியில் குதிரையை நிறுத்தினார். அது நகர்ந்தது. அவர் அதட்டவில்லை, சிறு வட்டமாக நடத்தி, முன்பு நின்ற அதே இடத்தில் மீண்டும் நிறுத்தினார். மீண்டும் நகர்ந்தது, மீண்டும் அதே இடம். இப்படி எத்தனை முறை என்று எண்ணுவதை நாம் கைவிட்டோம். ஒருமுறை, இரண்டு மூச்சு விடும் நேரம் அது நின்றது. உடனே வாரை முழுவதும் தளரவிட்டு, கழுத்தைத் தடவி, ஓரடி பின்வாங்கினார். அது மறுபடி நகர நினைப்பதற்கு முன்பே, தாமே அதை அழைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

நான்கு காலைப் பொழுதுகள் இது நடந்தது. நான்காம் நாள் அக்குதிரை மரத்தடியில் ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதடு தொங்க, பாதிக் கண் மூடி நின்றது. வார் தரையில் கிடந்தது. முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “கயிற்றை இறுக்கிப் பிடிச்சா, எந்தப் பக்கம் தப்பிக்கலாம்னுதான் அது பார்க்கும், சாமி” என்றார். அதற்குமேல் விளக்கம் கேட்டால் சிரித்தார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் குதிரையின் படைப்பே இருக்கிறது. புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகி வந்த இனம் அது. கொம்பில்லை, கோரைப்பல்லின் வலிமையில்லை. ஓட்டமே அதன் அரண். கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும். மூக்கிற்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் அதற்குப் பார்வை எட்டாது. இத்தகைய உயிரிடம் ‘நில்’ என்று சொல்வது, அதன் ஒரே பாதுகாப்பைக் கைவிடு என்று சொல்வதாகும். மறுபுறம், நிற்பது அதற்குத் தெரியாத வித்தையும் அன்று. தசைகள் களைக்காமல் மூட்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் தசைநாண்களும் தசைநார்களும் அதன் கால்களில் உள்ளன; நின்றபடியே அது கண்ணயரும். ஆகவே முதியவர் அதற்கு நிற்கக் கற்றுத்தரவில்லை; அவ்விடத்தை விட்டு ஓட வேண்டிய தேவை இல்லை என்பதையே கற்றுத்தந்தார்.

இது புதிய ஞானமும் அன்று. கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் படைவீரர் செனபோன், குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், சினத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்கிறார். ஒரு பொருளைக் கண்டு அது மிரண்டால் அடிக்க வேண்டாம், அடித்தால் அந்த வலியையும் அப்பொருளையும் சேர்த்தே நினைவில் கொள்ளும், எனவே நீயே அப்பொருளைத் தொட்டுக் காட்டி மெல்ல அருகே நடத்து என்பது அவர் அறிவுரை. கட்டாயத்தால் குதிரை செய்வதை அது புரிந்து செய்வதில்லை என்றும், சாட்டையால் ஆட்டுவிக்கப்படும் நடனக்காரனின் ஆட்டத்தைப் போல அதில் அழகும் இராது என்றும் அவர் கருதினார். இவர் மென்மையான துறவி அல்லர். போர்க்களத்தில் படை நடத்தியவர்.

அலெக்சாந்தரும் புசெபலசும் பற்றிப் புளூட்டார்க் எழுதிய நிகழ்ச்சியைப் பள்ளி நாள்களிலேயே படித்திருப்போம். 13 தாலந்து விலை சொல்லப்பட்ட அக்குதிரையை எவராலும் அடக்க முடியவில்லை. மன்னர் பிலிப்பு அதைத் திருப்பி அனுப்ப முற்பட்டார். தன் முன்னே விழுந்து அசையும் சொந்த நிழலைக் கண்டே அது மிரளுகிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கவனித்தான், அதைக் கதிரவனை நோக்கித் திருப்பினான், தடவிக் கொடுத்தான், பின்பு ஏறினான். இதை வீரத்தின் கதையாகவே நமக்குச் சொன்னார்கள். சுற்றியிருந்த பெரியவர்கள் அனைவரும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்க, குதிரை எதைப் பார்க்கிறது என்று ஒருவன் மட்டும் பார்த்தான் என்பதே நமக்கு இன்று பெரிதாகத் தோன்றுகிறது.

இனித்தான் சிக்கல். அமைதியுற்று நிற்கும் குதிரையும், இனி எதுவும் பயனில்லை என்று அடங்கி நிற்கும் குதிரையும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தவரான ஜான் ராரி 1858-இல் இங்கிலாந்தில், இரும்பு முகமூடி பூட்டப்பட்டிருந்த க்ரூசர் என்னும் கொடிய ஆண்குதிரையைச் சில மணி நேரத்தில் வசப்படுத்தினார். விக்டோரியா அரசியின் முன்னிலையிலும் தம் திறனைக் காட்டினார். சாட்டையைக் கண்டித்தவர், குதிரைக்கு இரக்கம் காட்டுமாறு ஊரெங்கும் பேசியவர் அவர். ஆயினும் அவர் கையாண்ட முறை என்ன? குதிரையின் முன்னங்கால் ஒன்றை மடித்து வாரால் கட்டுவார். பின்பு மற்றொன்றையும் இழுத்துக் கட்டுவார். அது திமிறித் திமிறி, களைத்து, இறுதியில் தரையில் படுத்துவிடும். படுத்த பிறகு அதன் உடல் முழுவதையும் அன்போடு தடவிக் கொடுப்பார். அந்தத் தடவலில் பொய்யில்லை என்றே நாம் நம்புகிறோம். ஆனால், அது எப்போது வந்தது? குதிரையின் ‘மாட்டேன்’ முற்றிலும் செல்லாக்காசான பிறகே வந்தது.

1967-இல் அமெரிக்க ஆய்வாளர் செலிக்மனும் மையரும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனை கொடியதுதான். எனினும் இங்கு நினைக்கத்தக்கது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களுள் பெரும்பாலானவை, பின்பு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற நிலையிலும் தாண்டாமல் படுத்தே கிடந்தன. தம் முயற்சியால் அதிர்ச்சியை நிறுத்த முடிந்த நாய்களோ தாண்டின. அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், அவ்விருவருமே தம் விளக்கத்தைத் திருத்திக்கொண்டனர்: நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுக் கிடப்பது கற்றுக்கொண்டது அன்று, அது உயிரின் முதல் இயல்பு, தன் செயலுக்குப் பயன் உண்டு என்பதே கற்றுக்கொள்ளப்படுவது. மரத்தடி முதியவர் இரண்டு மூச்சு நேரத்திற்காகக் காத்திருந்து வாரைத் தளரவிட்டாரே, அதில் அவர் கற்பித்தது இதைத்தான் என்று தோன்றுகிறது. நீ நின்றாய், அதனால் கயிறு தளர்ந்தது. உன் செயலுக்கு மறுமொழி உண்டு.

‘மென்மை என்பதும் ஆளும் தந்திரந்தானே, அக்குதிரை இறுதியில் வாடகைக்குத்தானே நின்றது’ என்று வாசக அன்பர் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு முழுமையான விடை நம்மிடம் இல்லை. செனபோனின் குதிரைகளும் மனிதரின் போருக்கே சென்றன, புசெபலஸ் கி.மு. 326-இல் நம் மண்ணின் வடமேற்கே அலெக்சாந்தரின் போரை ஒட்டியே மாண்டது. முதியவர் இளகியவரும் அல்லர். நகர்ந்த ஒவ்வொரு முறையும் தவறாமல் அதே இடத்திற்குக் கொண்டுவந்தார், ஒருமுறைகூட விட்டுவிடவில்லை. குழந்தை ஏறும்போது நில்லாத குதிரை குழந்தையைக் கொல்லக்கூடும். கண்டிப்பு வேண்டும், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கண்டிப்புக்கும் முறித்தலுக்கும் இடையிலுள்ள கோட்டை, கண்டிக்கிறவர் தம் உள்ளத்தைப் பார்த்து அறிய முடியாது. எதிரே நிற்கும் உயிரைப் பார்த்தே அறிய வேண்டும். இறுகிய தாடை, அசையாத காது, எதையும் பாராத கண், மேலோட்டமான மூச்சு ஆகியன ஒரு நிலை. தொங்கும் உதடு, தளர்ந்த பின்னங்கால், ஓசை வந்த பக்கம் திரும்பும் காது ஆகியன வேறொரு நிலை. அமைந்து நிற்கும் குதிரை உலகத்தைக் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

குருமடத்தில் புனித தோமா அக்குவினாவைப் படித்தபோது, தண்டனைக்கு அஞ்சும் அடிமை அச்சத்தையும், அன்பினால் பிறக்கும் பிள்ளை அச்சத்தையும் அவர் வேறுபடுத்துவதைக் கற்றோம். அடிமை அச்சத்திலும் நன்மை உண்டு, அதிலுள்ள அடிமைத்தனமே தீது என்பது அவர் நுட்பம். அந்த வாக்கியத்தின் முதற்பாதியை மட்டும் நாம் நெடுநாள் பயன்படுத்தி வந்தோம்.

ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு முன், இளங்குருவாக இருந்த நாம் ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பேற்றிருந்தோம். மாலை ஏழு மணிக்குப் படிப்பு மணி அடித்தால் ஊசி விழும் ஓசை கேட்க வேண்டும் என்பது நம் பெருமை. சும்மா இருத்தலைப் பேரின்ப நிலையாகப் பாடிய தாயுமானவரின் மொழியில், ‘சும்மா இரு’ என்பதை நாம் பிரம்போடு சேர்த்தே சொன்னோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனால் மட்டும் இருக்கையில் இருக்க இயலவில்லை. மணி அடித்த சிறிது நேரத்தில் எழுந்து சன்னலுக்குப் போவான். அதட்டினோம், அடித்தோம், பின்பு படிப்பு நேரம் முழுவதும் தாழ்வாரத் தூணருகே, சுவரைப் பார்த்தபடி நிற்கவைத்தோம். சில வாரங்களில் அவன் அடங்கினான். சன்னல் பக்கம் திரும்புவதையே விட்டான். விளையாட்டுத் திடலிலும் ஓரமாகவே நின்றான். பார்க்க வந்த அவன் தந்தையிடம், “பையன் நன்றாகத் திருந்திவிட்டான்” என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அவரும் நன்றி கூறிச் சென்றார்.

கடந்த ஆண்டு, தன் தங்கையின் திருமண ஓலைக்காக அவன் — இல்லை, அவர் — நம் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தார். பழைய நாள்களைப் பேசிக்கொண்டிருக்கையில், எப்போது பார்த்தாலும் அந்தச் சன்னலுக்கு ஓடுவாயே, ஏன் என்று சிரித்துக்கொண்டே கேட்டோம். அவரும் சிரித்தார். “ஏழேகால் பஸ் எங்க ஊர்ல இருந்து வரும் ஃபாதர். அந்த வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. குணமானா அந்த பஸ்ஸுலதான் வருவேன்னு சொல்லியிருந்தாங்க” என்றார். வந்தார்களா என்று கேட்டோம். வந்தார்களாம், அடுத்த கோடை விடுமுறைக்குப் பிறகு. அவர் குரலில் குறை ஏதும் இல்லை. நாம்தான் மேசைமேல் இருந்த ஓலையின் எழுத்துகளை வாசிக்க முடியாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கேட்பதற்கோ 28 ஆண்டுகள் ஆயின.

அவருடன் ஐந்து வயது மகனும் வந்திருந்தான். நாற்காலியில் ஏறுவதும் இறங்குவதும், கதவுவரை ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தான். “ஃபாதர் முன்னாடி சும்மா உட்காருடா” என்று தந்தை அதட்டினார். சிறுவன் உடனே கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கண்கள் மட்டும் கதவுப் பக்கமே இருந்தன. அங்கே என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்டோம். அவன் தந்தையைப் பார்த்தான், நம்மைப் பார்த்தான். பிறகு மெல்ல இறங்கி, நம் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனான்.