இரையிடுதலும் இடம்விடுதலும்

நாள்தோறும் காலையில் மாடிச்சுவரின் மீது ஒரு பிடி அரிசியும் ஒரு கிண்ணம் நீரும் வைத்துவிட்டு, பறவைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தோம் என்று நிறைவடைவோர் நம்மில் பலர். அது நற்செயலே, ஐயமில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இரை கிடைத்துவிட்டால் மட்டும் ஓர் உயிரினம் வாழ்ந்து தழைத்துவிடுமா?

சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். தானியம் தின்னும் பறவையென்றே அதனை அறிந்திருக்கிறோம். ஆனால், பொரித்த குஞ்சுகளுக்கு அது தொடக்க நாட்களில் ஊட்டுவது பெரும்பாலும் புழுக்களையும் பூச்சிகளையுமே. அரிசி நிறைந்து, புழுவே இல்லாத முற்றத்தில் தாய்க்குருவி பசியாறலாம். குஞ்சு வளர்வது அரிது. புழுவுக்குச் செடி வேண்டும். செடிக்கு மண் வேண்டும். அந்த மண்ணைத்தான் நாம் சிமெண்ட் பூசி மூடிவிட்டு, அதற்குத் தூய்மை என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

தூய்மை வேறு, வெறுமை வேறு. தேங்கிய சாக்கடை அகற்றப்பட வேண்டியதே. மரத்தடியில் உதிர்ந்த சருகு அத்தகையதன்று. அதனடியில் மண்புழு வாழ்கிறது. பகலெல்லாம் அங்கே பதுங்கியிருக்கும் தேரை இரவில் பூச்சிகளைப் பிடித்துண்கிறது. பட்டுப்போன முருங்கைக் கிளையைக் குடைந்து குக்குறுவான் கூடமைக்கிறது. கறிவேப்பிலைக் கொழுந்தைத் தின்னும் பச்சைப் புழுவை நசுக்கிவிட்டு, வண்ணத்துப்பூச்சிகளைக் காணோமே என்று வருந்துகிறோம். கறிவேப்பிலை அழகி என்னும் கருஞ்சிறகு வண்ணத்துப்பூச்சியாகச் சில நாட்களில் பறந்திருக்க வேண்டியது அந்தப் புழுவே.

அறத்தின் சோதனை இங்கேதான் தொடங்குகிறது. இரையிடுபவர் எப்போதும் கொடுப்பவராகவே நிற்கிறார். எவ்வளவு, எப்போது என்பதை அவரே தீர்மானிக்கிறார். இடம் விடுபவரோ தம் அதிகாரத்திலேயே ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். கொழுந்தில் ஒரு பங்கு போகும். கனிந்த கொய்யாவை அணில் முந்திக்கொள்ளும். ஒருவர் மரம் நட்டாலோ பயிரிட்டாலோ, அதிலிருந்து பறவை உண்பதும் அவருக்குத் தர்மமாகும் என்பது நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிந்த போதனை. வீசியெறியும் தானியத்தைவிட நட்டு வளர்க்கும் மரத்தை அப்போதனை முன்வைப்பது எண்ணத்தக்கது. பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். அது பதிவாகுமுன்பே அம்மண்ணில் குடியிருந்தவற்றுக்கும் அங்கே ஒரு ஹக்கு உண்டன்றோ?

குழந்தைகள் நடமாடும் வீட்டில் பாம்பு வந்தால் என்ன செய்வது என்னும் அச்சம் நியாயமானது. மனித உயிரைக் காப்பது முதற்கடமை. வாசலருகே விறகும் கல்லும் குவியாமல் பார்ப்பதும், நடைபாதையைத் தெளிவாக வைத்திருப்பதும், கொசு பெருகாதபடி கிண்ணத்து நீரை நாள்தோறும் மாற்றுவதும் நம் பொறுப்பு. அச்சம் ஓர் எல்லையை வகுக்கட்டும். கொல்லை முழுவதையும் அது விழுங்கிவிட வேண்டாம்.

ஒரு மூலையேனும் மண்ணாக இருக்கட்டும். அங்கே ஒரு கறிவேப்பிலையும் ஒரு செம்பருத்தியும் நட்டு, பூச்சிமருந்து தெளிக்காமல் விட்டுவைப்பது எளிய குடும்பத்துக்கும் இயலும். நிலமில்லாத மாடிவீட்டார் தொட்டியில் ஓர் எலுமிச்சை வளர்க்கலாம். அங்கு வந்து தங்கும் உயிர் எதுவும் நமக்கு நன்றி கூறப்போவதில்லை. தன் வீட்டில் இருப்பதற்கு யார்தாம் நன்றி கூறுகிறார்கள்?