ஒரே சொல், இரண்டு பனி

மார்கழி விடியலில் சாத்தான்குளத்தில் ஓடக் கிளம்பும் பையன்கள், “என்ன பனிடே இன்னைக்கு!” என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். புல் நுனியை நனைக்கும் ஈரம்தான் அது. உறைபனிக்கும் நம்மிடம் அதே சொல்தான். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்தவர்கள் ஆயிற்றே!

அப்படியொரு பின்பனிக் காலத்தில், 2023 பிப்ரவரி 20 அன்று, லடாக்கில் உறைந்து கிடந்த பாங்காங் ஏரியின் மேலேயே 21 கிலோமீட்டர் ஓடினார்கள். 13,862 அடி உயரம், காலடியில் ஏரி. கின்னஸ் சாதனையாகவும் பதிவானது.

மலைக்க வேண்டாம். நம் தேரி மணலில் ஓடிப் பழகியவனுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். எட்டி மிதித்தால் கால் வாரும். அடியைக் குறுக்கி, இடுப்புக்கு நேர் கீழே பாதம் பதிக்க வேண்டும். பனித்தரையிலும் அதே கணக்குதான். மீதிப் பாடம் வேறு: குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் விடும் மூச்சோடு உடம்பின் நீர் போய்க்கொண்டே இருக்கும்.

மார்கழியில் ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓடி முடித்த கையோடு வியர்த்த பனியனை மாற்றிவிடுங்கள். நின்ற பிறகு உடம்பை நடுக்குவது அந்த ஈரம்தான்.